ஒன்பதாவது சீட்டு

யூஜினியாவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தையல் டீச்சர் என்றால்தான் தெரியும். காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகிற சாலையில் இறங்கி ஒன்றரை மைல் உள்ளே நடந்தால் கருங்காவயல். அங்கே மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் பங்குச் சாமியார் ஒரு தையல் பள்ளி நடத்தினார். அதில் பதினோரு வருஷமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்க எழுந்தால் கடைசி வரிசைக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

அந்தக் குரல்தான் அவளைக் கட்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொண்ணூற்று மூன்று கோடையில் ஊரில் தண்ணீர் இல்லாமல் பெண்கள் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். தாசில்தார் ஜீப் வந்து நின்றது. மனுவை வாசிக்க வேண்டிய பெண்ணுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூஜினியா காகிதத்தை வாங்கி வாசித்தாள். மறியலை நடத்திய வக்கீல் மெய்யநாதன் கூட்டம் கலைந்ததும் அவளிடம் வந்தார்.

"இம்புட்டு நாளா எங்க இருந்தீக தங்கச்சி?"

"இங்கதாண்ணே, தையக் கிளாஸ்ல" என்றாள்.

அடுத்த மாதம் உறுப்பினர் அட்டை வந்தது.

கட்சிக்கு ஒரு கொடி, ஒரு ஆபீஸ். ஆனால் ஆபீசில் இரண்டு பெஞ்சு. மெய்யநாதன் பக்கம் உட்கார்ந்தவர்கள் தங்களை முற்போக்கு அணி என்று சொல்லிக்கொண்டார்கள். மற்றவர்கள் அவர்களை வேகக் கோஷ்டி என்றார்கள். எதிர்ப் பெஞ்சுக்குத் தலைவர் குழந்தைவேலு. கண்மாய்ப் பாசன வயலில் பாதி அவர் வகையறாவுக்குச் சொந்தம். காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் நிர்வாகக் குழுத் தலைவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "எல்லாரையும் அணைச்சுக்கிட்டுப் போகணும்" என்பது அவர் எப்போதும் சொல்வது.

இரண்டு பெஞ்சுக்கும் பல விஷயத்தில் சண்டை. அதில் பெரியது சுடுகாட்டுப் பாதை. கருங்காவயல் காலனியில் சாவு விழுந்தால் பாடையைக் கண்மாய்க் கரையைச் சுற்றி இரண்டு மைல் தூக்கிப்போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் சேறு. நேராகப் போனால் முந்நூறு கெஜம்தான். ஆனால் அந்த முந்நூறு கெஜமும் குழந்தைவேலுவின் பங்காளிகள் உழுகிற வயலுக்கு நடுவே போனது. சர்க்கார் கணக்கில் அது பாதை என்றே இருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார் மெய்யநாதன். பேசிக்கொண்டிருக்கிறோம், அவசரப்பட்டால் ஊர் ரெண்டுபடும் என்றார் குழந்தைவேலு. மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்று ஆறு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. யூஜினியாவின் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்க இரண்டு பெஞ்சும் அவள் பேரையே சொன்னது. மெய்யநாதனுக்கு அவள் தான் கண்டெடுத்த ஆள். குழந்தைவேலுவுக்கு அவள் அடக்கமான பெண். தவிர, அவள் கணவன் ஜோசப் ராஜ் அவருடைய பள்ளிக்கூடத்தில் தற்காலிக எழுத்தராக ஆறு வருஷமாக இருந்தான். ஆக இருவருமே அவளைத் தன் ஆள் என்று நம்பினார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நின்றாள், ஜெயித்தாள்.

ஒன்றியத்தின் பதினேழு கவுன்சிலர்களில் ஒன்பது பேர் அந்தக் கட்சி. சேர்மன் பதவி அந்த முறை பெண்ணுக்கு. குழந்தைவேலு தன் தம்பி மனைவி ரேணுகாவை முன்னால் வைத்தார். பி.ஏ. படித்தவள், அவளும் கவுன்சிலராக ஜெயித்திருந்தாள். மெய்யநாதன், பக்கத்து வார்டில் ஜெயித்த காலனிப் பெண் பொன்னுத்தாயியை முன்னால் வைத்தார். பொன்னுத்தாயி நாற்பத்தெட்டு வயதுக் கூலிக்காரி. எழுத்துக்கூட்டி வாசிப்பாள். நடவுக்கும் அறுப்புக்கும் காலனிப் பெண்களுக்கு முன்னால் நின்று கூலி பேசுகிறவள்.

மாவட்டக் கட்சி முடிவைச் சொல்லி அனுப்பியது. வருகிற திங்கட்கிழமை ஒன்பது பேரும் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட வேண்டும். இருவர் பெயரும் டைப் அடித்த சீட்டு கொடுக்கப்படும். வேண்டிய பேருக்கு நேரே ஒரு கோடு. அதிகம் யாருக்கோ அவர்தான் வேட்பாளர், மறுநாள் ஒன்றியத்தில் ஒன்பது பேரும் அவருக்கே ஓட்டுப் போட வேண்டும்.

எண்ணிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ரேணுகாவையும் சேர்த்து அந்தப் பக்கம் நாலு. பொன்னுத்தாயியையும் சேர்த்து இந்தப் பக்கம் நாலு. ஒன்பதாவது ஆள் தையல் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை மெய்யநாதன் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று எழுதியிருந்தது. தேதி போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நம்ம ஆளுக நாலு பேரும் போட்டுட்டாக. ஒங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."

"என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?"

"நம்பிக்கை இல்லாமயா வந்தேன்? இது கட்டுப்பாடு. அவங்க எதை வேணாலும் காட்டுவாங்க தங்கச்சி. ஒங்களை நீகளே காப்பாத்திக்கத்தான் இது."

அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதை உண்மையாகவே நம்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு வெகு நேரம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஒரு வெள்ளை அம்பாசிடர் கோயில் வாசலில் வந்து நின்றது. புதுக் கவுன்சிலர்களுக்கு நெற்குப்பையில் ரெண்டு நாள் பயிற்சிக் கூட்டம் என்று டிரைவர் சொன்னார். ஜோசப் ராஜ் முன்கூட்டியே பையில் இரண்டு சேலை எடுத்து வைத்திருந்தான்.

"பயிற்சின்னு மெய்யநாதன் அண்ணன் ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.

"எல்லாத்தையும் அவருட்டதான் கேக்கணுமா? குழந்தைவேலு ஐயா சொல்லிவிட்டிருக்காக. போய்ட்டு வா யூஜி."

நெற்குப்பையில் அது தெருவுக்குத் தெரு நீண்டு கிடந்த ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். ஒரு கல்யாணத்துக்கு வேண்டும் என்று சாவி வாங்கியிருந்தார்கள். உள்ளே ரேணுகாவும் அவள் பக்கத்து ஆண் கவுன்சிலர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். பயிற்சி கொடுக்க யாரும் இல்லை. ஆண்கள் முன்கட்டில் சீட்டு விளையாடினார்கள். மதியம் வாழை இலையில் பதினோரு வகை. நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரம். யூஜினியா சாப்பிட்டுவிட்டு, ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று வாசலுக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் பெத்தன் என்ற காவல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவைத் தொறங்க, சும்மா கடைவரைக்கும்."

"என்ன வேணும்னு சொல்லு தாயி, வாங்கியாரச் சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். வெளியில போகணும்."

பெத்தன் சங்கடத்தோடு துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஐயா சொல்லாமத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் பொழப்புக்கு உக்காந்திருக்கேன் தாயி. என்னையக் கோவிச்சுக்காத."

பின்கட்டுக்குப் போனாள். அங்கேயும் பூட்டு. டெலிபோன் இருந்த மேஜையில் தூசி படாத சதுரம் ஒன்று மட்டும் இருந்தது. முற்றத்துக்கு வந்து தூணில் சாய்ந்தாள். மேலே வானம் நீளச் சதுரமாகத் தெரிந்தது. அதற்கும் கம்பி போட்டிருந்தார்கள். மழை வந்தது. தண்ணீர் நாலு மூலையிலும் வழிந்து, முற்றத்தில் நிறைந்து, எங்கோ ஒரு துவாரத்தில் இறங்கிப் போனது.

வியாழக்கிழமை குழந்தைவேலு வந்தார். அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"பூட்டுனது தப்புதான் டீச்சர். நான் ஒத்துக்கிறேன். ஆனா தொறந்து விட்டா மெய்யநாதன் தூக்கிட்டுப் போயிருவான். அவன் ஆளுகளை மதுரையில ஒரு லாட்ஜுல வச்சிருக்கான், தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது.

"பொன்னுத்தாயி நல்ல பொம்பளை. நான் இல்லைங்கலை. இன்னைக்கு அவளை அந்த நாற்காலியில உக்கார வச்சா, நாளைக்கு எங்க சனத்துல பாதிப் பேர் கட்சிய விட்டுப் போவாக. அடுத்த தடவை எதிர்க்கட்சி உக்காரும். அப்ப பாதையும் இல்ல, பைப்பும் இல்ல. ரேணுகா உக்காந்தா அஞ்சு வருசத்துல அந்தப் பாதைய நானே வாங்கித் தாரேன். மெதுவாப் போனா ஊரு ஒடையாமப் போகலாம்."

"மூணு வருசமா மெதுவாத்தான போறோம்?" என்றாள். அந்தப் பேச்சில் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

குழந்தைவேலு கோபப்படவில்லை. "ஆமா" என்றார். "அதுக்கு நானும் வெக்கப்படுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் எது உண்மை, எது பேச்சு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை ரேணுகா தலைக்குக் குளித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"ஒங்களுக்கு எம்மேல கோவமா டீச்சர்?"

"ஒங்க மேல என்ன கோவம்?"

"நான் நல்லாத்தான் செய்வேன். பஞ்சாயத்துச் சட்டம் பூராவும் படிச்சு வச்சிருக்கேன். ஆனா அதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாக. எங்க மூத்த மச்சானுக்காகத்தான் கேக்குறாக, வேணாங்கிறவுகளும் மச்சானுக்காகத்தான் வேணாங்கிறாக." கொஞ்ச நேரம் ஈரத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். "நீக யாருக்குப் போடுவீகன்னு நான் கேக்க மாட்டேன்."

கேட்காமல் விட்டது அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை ஜோசப் ராஜை உள்ளே விட்டார்கள். மகள் வின்சிக்குக் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு என்று சொன்னான். பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறாள், அம்மா எப்போது வரும் என்று கேட்கிறாள் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"புதன்கிழமை நிர்வாகக் குழு கூடுது. என்னைய நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசுறாகளாம்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. பேச்சு அப்படி இருக்கு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆறு வருசம் யூஜி. எனக்கு நாப்பத்தி மூணு வயசு. ஒவ்வொரு ஜூன் மாசமும் ஆர்டர் வருமா வராதான்னு வாசல்ல நிக்கிறேன். நான் ஒன்னையக் கட்டாயப்படுத்தல. ஒன் மனசுக்குத் தெரியும்."

கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் சட்டைக் காலரில் நூல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் போனதும் பெத்தன் கதவைச் சாத்தி, இரும்புத் தாழைப் போட்டு, ஒரு முழ நீளச் சாவியைத் திருப்புவது கேட்டது.

ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். சாமியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். நடுவில் எண்ணிக்கை தப்பியது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் தப்பியது. ரேணுகாவுக்குப் போட்டால் காலனியிலிருந்து தையல் படிக்க வருகிற ஆறு பெண்களின் முகத்தில் விழிக்க முடியாது. பொன்னுத்தாயிக்குப் போட்டால் ஜோசப் ராஜ் அடுத்த ஜூனில் வாசலில் நிற்கவும் மாட்டான். யாருக்கும் போடாமல் செல்லாத சீட்டுப் போட்டால் நாலுக்கு நாலு, குலுக்கல். அப்போது இரண்டு பக்கமும் அவளைத்தான் திட்டும். அவள் யோசிக்க யோசிக்க அந்த வீட்டுக் கட்டுகளைப்போல ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று வந்தது, வாசல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து பேரையும் இரண்டு காரில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். மதுரையிலிருந்து வேனில் வந்த நாலு பேர் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுத்தாயி புதுச் சேலை கட்டியிருந்தாள். மடிப்புக் கலையாத கெட்டிச் சேலை, அவளுக்கு அது பழக்கமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. யூஜினியா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பொன்னுத்தாயி தலையை அசைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

மாவட்டத்திலிருந்து வந்த குருநாதன் சீட்டுகளைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மணமகள் அலங்காரம் செய்கிற அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்க் கோடு போட்டு, மடித்து, எவர்சில்வர் குடத்தில் போட வேண்டும். யூஜினியா உள்ளே போனாள். சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. அதில் தன்னைப் பார்த்தாள். ஆறு நாளில் அந்த ஒரு நிமிஷம்தான் அவளைச் சுற்றி யாரும் இல்லை. ஜோசப் ராஜின் காலரை நினைத்தாள். கண்மாய்க் கரைச் சேற்றில் பாடை தூக்குகிறவர்களின் கால்களை நினைத்தாள். பொன்னுத்தாயி பேருக்கு நேரே கோடு போட்டு, சீட்டை நாலாக மடித்தாள். வெளியே வரும்போது நெஞ்சில் கனம் இல்லை. பூட்டியிருந்த ஒரு கதவு திறந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

குருநாதன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். எட்டுச் சீட்டு முடிந்தபோது நாலுக்கு நாலு. ஒன்பதாவதைப் பிரித்தார்.

"ரேணுகா."

யூஜினியாவுக்கு முதலில் புரியவில்லை. தவறாக வாசித்துவிட்டார் என்று நினைத்தாள். பிறகு மண்டபத்தில் எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. குழந்தைவேலு கை கூப்பினார். அழகுசுந்தரம் என்ற கவுன்சிலர், மெய்யநாதன் பக்கத்தில் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், "நெற்குப்பைச் சாப்பாடு வேலை செஞ்சிருச்சு" என்றார்.

"நான் இல்ல" என்றாள் யூஜினியா. பூசையில் கடைசி வரிசைவரை கேட்கிற குரல் அன்றைக்குப் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை.

மெய்யநாதன் எழுந்து அவள் எதிரே வந்தார். பையிலிருந்து அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தார். நாலாகக் கிழித்து அவள் மடியில் போட்டார்.

"இது கட்டுப்பாடு உள்ளவங்களுக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒன்றியத்தில் ஒன்பது ஓட்டோடு ரேணுகா சேர்மன் ஆனாள்.

வீட்டில் ஜோசப் ராஜ் ஆட்டுக்கறி வாங்கிவந்திருந்தான். அவள் அவனை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, "நான் ரேணுகாவுக்குப் போடல. பொன்னுத்தாயி அக்காவுக்குத்தான் போட்டேன்" என்றாள்.

அவன் சிரித்தான். "வெளிய அப்படித்தான் சொல்லணும். என்கிட்டயுமா?"

"சத்தியமா."

"சரி, சரி." அவள் தோளில் கையை வைத்தான். கண் கலங்கியிருந்தது. "நீ எனக்காகத்தான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன் யூஜி."

புதன்கிழமை நிர்வாகக் குழு கூடியது. அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு தபாலில் வந்தது. அந்த உத்தரவு வந்த செய்தி தபால்காரருக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் மறுக்கவில்லை. மறுத்து என்ன? காலனிப் பெண்கள் ஆறு பேரும் தையலுக்கு வரவில்லை. அவர்கள் தைத்துப் பாதியில் விட்ட துணிகள் ஜன்னலோரம் மடித்தபடி கிடந்தன.

யார் மாற்றிப் போட்டது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். அழகுசுந்தரமாக இருக்கும் என்று ஒரு நாள் நிச்சயமாகத் தோன்றும். மறுநாள் இன்னொருவர். ஒன்றியக் கூட்டத்தில் மெய்யநாதன் பக்கத்து மூன்று ஆண்களின் முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவர்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பொன்னுத்தாயியைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

தை மாதம், அறுப்பு மும்முரம். ஒரு மத்தியானம் தையல் பள்ளியில் யாரும் இல்லாத நேரத்தில் பொன்னுத்தாயி வந்தாள். மேலெல்லாம் வைக்கோல் தூசி. கையில் துணிப் பொட்டலம் எதுவும் இல்லை. மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரப் போனாள். யூஜினியா பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

"அன்னைக்குச் சீட்டுல மாத்திப் போட்டது நாந்தான் டீச்சரு" என்றாள் பொன்னுத்தாயி.

யூஜினியா மிஷின் சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கவுன்சிலர் ஓட்டு எண்ணி முடிஞ்ச மறுநாளு குழந்தைவேலு ஐயாவோட கங்காணி எங்க தெருவுக்கு வந்தாரு. மெரட்டல, ஒண்ணும் இல்ல. இந்த வருசம் தஞ்சாவூருப் பக்கத்துல இருந்து அறுப்பு மிஷின் வருதாம்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. எங்க தெருவுல அறுவத்தி ரெண்டு வீடு. ராவோட ராவா பொம்பளைக எல்லாரும் எங்கிட்ட வந்துட்டாளுக. நீ நாக்காலியில உக்காந்துக்க, நாங்க எங்க போயி உக்கார்றதுன்னு கேட்டாளுக. நான் என்ன சொல்ல?"

"மெய்யநாதன் அண்ணன்ட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அவரு விடுவாரா? கேஸு போடுவாரு, கூட்டம் போடுவாரு. நல்ல மனுசந்தான். ஆனா சாயங்காலம் காரைக்குடிக்குப் போயிருவாரு. நான் அந்த வரப்புலதான நடக்கணும்?" முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "மதுரையில அஞ்சு நாளும் எனக்குத்தான் பேச்சுப் பழக்கிக் குடுத்தாக. சேர்மனானா என்ன பேசணும்னு. எழுந்திரிச்சு வெளிய போக முடியல. நீக எப்படியும் அவுகளுக்குத்தான் போடுவீகன்னு நெனச்சேன். ஒங்க வீட்டுக்காரரு அங்கல்ல வேலை பாக்குறாரு. அப்ப எஞ்சீட்டு ஒரு கணக்கே இல்லைன்னுதான் போட்டேன். எண்ணும்போதுதான் தெரிஞ்சுச்சு, நீக எனக்குப் போட்டிருக்கீகன்னு."

யூஜினியா சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். "மூணு மாசமா என் மேல காறித் துப்புறாக அக்கா."

"தெரியும். அதான் சொல்ல வந்தேன். நீக சொல்றதா இருந்தா எல்லாருக்கும் சொல்லிக்கங்க. நான் இல்லைங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து, அறுப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அந்த வருஷம் மிஷின் வரவில்லை. அறுபத்திரண்டு வீட்டுக்கும் வேலை இருந்தது.

யூஜினியாவுக்கு அந்த வாரம் தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது பாரம். இப்போது சொன்னால் நம்புவார்கள் என்பது அதைவிடப் பெரிய பாரமாக இருந்தது. கடைசியில் மெய்யநாதனிடம் மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மார்ச் மாதம் காரைக்குடியில் கட்சியின் மகளிர் மாநாடு. அங்கே போனால் அவரைத் தனியாகப் பார்க்கலாம்.

மாநாட்டுப் பந்தலில் கடைசி வரிசையில் போய் நின்றாள். மேடை நடுவில் பொன்னுத்தாயியை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் மூன்று சால்வை. மெய்யநாதன் பேசிக்கொண்டிருந்தார். "நிதானம் நிதானம்னு சொல்றவங்க இந்தத் தாய்க்கு என்ன செஞ்சாங்க? நம்ம கட்சிக்குள்ளயே விலைக்கு வாங்கி இவங்க நாற்காலியப் பறிச்சாங்க. இந்த அம்மாவோட தோல்விதான் நமக்குக் கொடி" என்றார். பெண்கள் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். காலனியிலிருந்து லாரியில் வந்தவர்களும் கை தட்டினார்கள்.

பொன்னுத்தாயி கூட்டத்துக்கு மேலே யூஜினியாவைப் பார்த்துவிட்டாள். சால்வை கனத்தில் அவளால் கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. பார்த்தபடியே இருந்தாள். யூஜினியா கூட்டம் முடிவதற்குள் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சொல்லும் எண்ணம் அவளுக்கு வரவில்லை.

ஒன்றியக் கூட்டம் மாதம் ஒரு தரம். பொன்னுத்தாயியும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கூட்டத்தில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். சுடுகாட்டுப் பாதைத் தீர்மானத்தை ஒரு மாதம் யூஜினியா வாசிப்பாள், மறு மாதம் பொன்னுத்தாயி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிக்கொள்வார்கள். ரேணுகா சொன்னபடி சட்டம் தெரிந்தவள்தான். இரண்டாம் வருஷம் காலனிக்குக் குடிநீர்க் குழாய் வந்தது அவளால்தான். பாதை விஷயம் வரும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பாள். மூன்றாம் வருஷம் பாதையை அளக்க உத்தரவு போட்டாள். அளந்து கல் நட்டார்கள். ஒரு மாதத்தில் கல்லைக் காணோம். மறுபடி நட்டார்கள்.

தொண்ணூற்று ஒன்பதில் கட்சி உடைந்தது. கூட்டணி விஷயத்தில் தொடங்கிய சண்டை, மெய்யநாதன் தன் ஆட்களோடு வெளியேறுவதில் முடிந்தது. வெளியேறுவதற்கு முதல் வாரம், ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து யூஜினியா வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் பேசியதே இல்லை.

"புதுசா அமைப்பு ஆரம்பிக்கிறோம் தங்கச்சி. நாலு கவுன்சிலராவது கூட வந்தாத்தான் பேரு நிக்கும். பொன்னுத்தாயி யோசிக்கிறேங்குது. நீக வந்தா அதுவும் வரும்."

யூஜினியா தலையிலிருந்த முக்காட்டை இறக்கினாள்.

"பழசை நெனச்சுத் தயங்காதீக. அன்னைக்கு எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்ப யோசிச்சா, ஒங்க நெலமையில யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாக. குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல." அவர் குரல் உண்மையாகவே கனிந்திருந்தது. "நான் ஒங்களை மன்னிச்சுட்டேன். மனசாரச் சொல்றேன்."

உள்ளே ஜோசப் ராஜ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். வின்சி வாசல்படியில் வந்து நின்றாள். நாக்கு நுனிவரை வந்ததை யூஜினியா விழுங்கிக்கொண்டாள்.

"காப்பி சாப்பிடுறீகளாண்ணே?" என்றாள்.

அவர் குடித்தார். அவள் வரவில்லை என்று சொன்னாள். அவர் வருத்தத்தோடு எழுந்து போனார்.

மறுநாள் ஒன்றியக் கூட்டம். காலை பஸ்ஸுக்குப் பொன்னுத்தாயி ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். யூஜினியா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நேத்து மெய்யநாதன் அண்ணன் வந்தாரு."

"எங்க வீட்டுக்கும் வந்தாரு. என்ன சொன்னாரு?"

"என்னைய மன்னிச்சுட்டாராம்."

பொன்னுத்தாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவள் முகம் இறுகியது. பிறகு உதடு துடித்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். யூஜினியாவுக்கும் வந்துவிட்டது. இருவரும் அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சைக்கிளில் போன ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"இன்னைக்கு யாரு வாசிக்கிறது?" என்று பொன்னுத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க முறை."

"நீகளே வாசிங்க டீச்சரு. எனக்கு இன்னைக்குச் சிரிப்பு வந்துரும்."

பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனார்கள்.